பழைய பாட்டிலில் புதிய திரவம்

கேள்வி: கணவர், நான், இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் கொண்ட வீடு எங்களுடையது. சோப்பு, சலவைத்தூள், தரை துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் திருமணமான நாளிலிருந்து குறிப்பிட்ட சில பிராண்டுகளில்தான் வாங்குகிறோம். கணவருக்கு அவற்றின் மீது அத்தனை நம்பிக்கை. இரண்டு மாதங்களுக்கு முன் பேரங்காடியின் சொந்தப் பிராண்டில் பாத்திரம் துலக்கும் திரவம் வாங்கி, பழைய பிராண்டின் காலி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பாத்திரம் துலக்குபவர் அவர்தான். இதுவரை எதையும் கண்டுபிடிக்கவில்லை. மற்றப் பொருட்களையும் மாற்றிவிடலாமா? பேச்சை எடுத்தாலே, “இதில் என்ன பெரிதாக மிச்சம் பிடித்துவிடப் போகிறாய்?” என்கிறார்.

பதில்: பாட்டில் தந்திரத்தை ரசித்தேன். பெயரை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் சோதிப்பது ஆய்வாளர்களின் வழி. ஆனால் உங்கள் சோதனை பாதியில் நிற்கிறது. பழைய பாட்டில் எத்தனை நாள் வந்தது, புதியது எத்தனை நாள் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லையே!

கணக்கு அங்கேதான் இருக்கிறது. பிராண்டுத் திரவம் ஒரு லிட்டர் 100, கடையுடையது 70 என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 30 சதவீதம் மிச்சம். முதலாவது 50 நாள் வருகிறது. இரண்டாவது சற்று நீர்த்திருப்பதால் கை கூடுதலாக அழுத்தி, 30 நாளில் தீர்ந்துவிடுகிறது. அப்போது ஒரு நாள் செலவு முன்னதற்கு 2, பின்னதற்கு 2.33. மலிவாக வாங்கியதுதான் அதிகச் செலவு வைத்திருக்கிறது. அதே பாட்டில் 40 நாள் வந்தால் ஒரு நாளைக்கு 1.75, வெற்றி உங்களுக்கு. எனவே பாட்டிலைத் திறக்கும் அன்றே அதன் அடியில் தேதியை எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். என் வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வது தனிக்கதை.

சில பொருட்களுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், லேபிளின் பின்பக்கத்தைப் படித்தால் போதும். வெளுக்கும் திரவத்தில் வேலை செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டிலும் அதன் சதவீதம் ஒன்றாக இருந்தால் கூடுதல் விலை பெயருக்கும் விளம்பரத்துக்கும்தான். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் எந்தப் பெட்டியில் வந்தாலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால்தான். பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று புரோனன்பர்க், டுபே, ஜென்ட்ஸ்கோ, ஷபிரோ என்ற நான்கு பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலை வைத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது, மற்றவர்களைவிட மருந்தாளுநர்கள் கடைப் பிராண்டையே அதிகம் எடுக்கிறார்கள். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா போன்றவற்றில் தொழில்முறைச் சமையல்காரர்களும் அப்படித்தான். உங்கள் கணவரிடம் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை மிச்சம் பிடிக்கிறேன் என்று மிக மலிவான குப்பைப் பைகளை வாங்கினேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் ஒரு பை அடியோடு கிழிந்தது. படியைக் கழுவிய தண்ணீருக்கும் சோப்புக்கும் யார் கணக்கு எழுதுவது? அன்றிலிருந்து பையில் எத்தனை மைக்ரான் தடிமன் என்று பார்த்த பிறகே விலையைப் பார்க்கிறேன். சலவைத்தூளிலும் கவனம் தேவை. இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளை நீக்க புரோட்டியேஸ் என்ற நொதி உதவும். சில மலிவான தூள்களில் அது இருக்காது. எடையைக் கூட்ட சோடியம் சல்பேட் நிறைய இருக்கும். குழந்தைகளின் துணியை இரண்டு முறை துவைக்க நேர்ந்தால் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும்.

“எல்லாம் ஒரே தொழிற்சாலையில் தயாராகிறது, லேபிள்தான் வேறு” என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். வட அமெரிக்காவில் 2007இல் செல்லப்பிராணிகளின் உணவில் மெலமைன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்தது தெரிந்து டின்களைத் திரும்பப் பெற்றபோது, விலை உயர்ந்த பிராண்டுகளும் கடைப் பிராண்டுகளும் ஒரே உற்பத்தியாளரிடமிருந்து வந்தவை என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் கூரை ஒன்றாக இருப்பதால் கலவையும் ஒன்றாகிவிடாது. எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் கொடுப்பவர் தீர்மானிக்கிறார்.

கடையும் தருமத்துக்கு இதைச் செய்யவில்லை. சொந்தப் பிராண்டில் அதற்குப் பெரும்பாலும் லாப விகிதம் அதிகம். அதனால்தான் கண் மட்டத்தில், பெரிய பிராண்டுக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே நிறத்தில் அடுக்கிவைக்கிறது. கணவர் பழைய பிராண்டையே கட்டிக்கொண்டு அழுவதற்கும், நாளை நீங்கள் கடைப் பிராண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தள்ளுபடி வரும் வாரத்தில் பெரிய பிராண்டின் லிட்டர் விலையே குறைவாக இருக்கலாம். அப்போது அதையே வாங்குங்கள்.

எவ்வளவு மிஞ்சும்? மாதச் செலவில் பத்தில் ஒரு பங்கு இந்தப் பொருட்களுக்குப் போகிறது, அதில் பாதியை மாற்றுகிறீர்கள், அந்தப் பாதியில் கால்வாசி குறைகிறது என்றால் மொத்தச் செலவில் 1.25 சதவீதம். கடன் அட்டையில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடையுங்கள், சோப்பு அப்புறம். கடன் இல்லையென்றால், மிஞ்சும் தொகையை மாத ஆரம்பத்திலேயே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அது வேறு எதிலாவது கரைந்துவிடும், கணவர் கேட்ட கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது.

இப்போதைக்கு வெளுக்கும் திரவம், மாத்திரை, உப்பு ஆகியவற்றை மாற்றுங்கள். சலவைத்தூளைக் கணவரின் விருப்பப்படியே விடுங்கள். பாத்திரத் திரவத்துக்குத் தேதி எழுதி இன்னும் ஒரு பாட்டில் பாருங்கள். ஒன்றே ஒன்று: வெளுக்கும் திரவத்தை மட்டும் ஒருபோதும் வேறு பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். அது என்னவென்று தெரியாமல் அமிலம் உள்ள கழிப்பறைத் திரவத்தோடு யாராவது சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். பாத்திரத் திரவ ரகசியத்தையும் கணவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், அவர் கை ஈரமாக இருக்கும் நேரமாகப் பார்த்து.