எரிமலை முழுக்கப் பாறைதானே, பிறகு ஏன் சரிந்து விழுகிறது? பாறையைச் சோதித்து முன்கூட்டியே சொல்ல முடியாதா?

எங்கே சரியும் என்பதை ஓரளவு சொல்லலாம். எப்போது என்பதைப் பாறைச் சோதனை சொல்லாது. அந்தச் சோதனை எண்ணை அப்படியே மலைக்குப் பொருத்தினாலோ எதுவுமே சரியாது என்றுதான் விடை வரும்.

காரணம் எளிது. விரிசல் இல்லாத, காற்றுத்துளை குறைந்த ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறைத் துண்டு 100 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். வீட்டுக்குத் தளம் போடும் எம்-25 கான்கிரீட்டைவிட நான்கு மடங்கு. ஆனால் எரிமலை ஒரே கல் அல்ல. லாவா, சாம்பல், சரளை, மறுபடி லாவா என்று அடுக்கடுக்காகக் குவிந்தது. லாவாவே குளிரும்போது சுருங்கி விரிசல் விடும். இதைக் கணக்கில் கொண்டுவரத்தான் ஹோக்-பிரவுன் சூத்திரம் இருக்கிறது. பாறைத்திரள் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று களத்தில் பார்த்து 100க்கு ஒரு ஜி.எஸ்.ஐ. (பாறைத்திரள் வலிமைக் குறியீடு) மதிப்பெண் போடுவார்கள். மோசமாக உடைந்த சரிவுக்கு 30 போட்டால், அந்த 100 மெகாபாஸ்கல் சுமார் 1.7 ஆகிவிடும். அதே கல்தான், மலை என்ற அளவில் வலிமை சுமார் அறுபதில் ஒரு பங்குதான்.

துளைகள் அடுத்த பிரச்சினை. துளை 5 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானால் துண்டின் வலிமையே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆழத்தில் இன்னொன்றும் நடக்கும்: துளை மிகுந்த பாறை மேலே உள்ள பாரத்தில் படாரென்று உடையாது, துளைகள் நசுங்கி அமுங்கும்.

ஆனால் பெரிய எதிரி மலைக்குள்ளேயே சுற்றும் அமில நீர். மாக்மாவிலிருந்து, அதாவது உள்ளே உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பிலிருந்து, வரும் கந்தக வாயு நிலத்தடி நீரில் கரைந்து கந்தக அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தைத் தின்று கயோலினைட், ஸ்மெக்டைட் போன்ற களிமண் கனிமங்களாக்கிவிடும். அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையில் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் உச்சியும் வடகிழக்குச் சரிவும் பெயர்ந்து 3.8 கன கிலோமீட்டர் சேறாக ஓடியது. ஆசியோலா சேற்றுப் பெருக்கு என்று அதற்குப் பெயர். அந்தப் படிவில் களிமண் நிறைய இருப்பதே, விழுந்தது ஏற்கெனவே அமிலம் அரித்துப்போன பாறை என்பதற்குச் சாட்சி. களிமண் அதிகமானால் சேறு வழியில் நீரையும் கல்லையும் பிரிய விடாது, வெகுதூரம் ஓடும்.

இதில் நீர் அழுத்தத்தைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை சரிவு, பாறையின் உராய்வுக் கோணம் (உராய்வு மட்டுமே வழுக்காமல் தாங்கும் அதிகபட்சச் சரிவு) 38 பாகை, ஒட்டும் வலிமை இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் விசைக்கும் இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம், என்பது tan 38-ஐ tan 30-ஆல் வகுத்தது, அதாவது 1.35. மலை நிற்கும். மேலுள்ள பாறை எடையின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு நீர் அழுத்தம் ஏறினால் அதே காரணி 0.99. ஒன்றுக்குக் கீழே போனால் நிற்க முடியாது. நீரே இல்லாமல் களிமண்ணால் உராய்வுக் கோணம் 25 பாகையாகக் குறைந்தால் 0.81. நிகராகுவாவின் காசிட்டா எரிமலை 1998 அக்டோபர் 30 அன்று மிட்ச் புயல் மழையில் சரிந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது எந்த வெடிப்பும் நடக்கவில்லை. அரித்த பாறையும் மழைநீரும் போதுமாக இருந்தன.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் கதை வேறு. 1980இல் உள்ளே ஏறிய மாக்மா வடக்குச் சரிவை நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதாவது மேற்சொன்ன கணக்கில் சரிவுக் கோணமே கூடிக்கொண்டு போனது. மே 18 காலை 8:32க்கு 5.1 அளவு நிலநடுக்கம் வந்ததும் 2.5 கன கிலோமீட்டர் பெயர்ந்து விழுந்தது.

இந்த அமில நீர் அரிப்பு என்றாலே பலவீனம் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. சிலிக்காவோ அலுனைட்டோ போன்ற கனிமம் துளைகளில் படிந்து அடைத்தால் பாறை முன்பைவிட வலுவாகும். ஆனால் ஊடுருவுதிறன், அதாவது நீரையும் வாயுவையும் உள்ளே கடக்க விடும் தன்மை, விழுந்துவிடும். வாயுவும் நீராவியும் வெளியேற வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறும். வலிமையை மட்டும் அளந்துவிட்டு ஊடுருவுதிறனை அளக்காத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

சோதனையில் வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறார்கள்? முதலாவது, துண்டு எடுப்பதில். 20 மில்லிமீட்டர் விட்டம், 40 மில்லிமீட்டர் நீளம் என்று துளையிட்டு எடுக்கும்போது, நொய்ந்த பாறை கையிலேயே உதிர்ந்துவிடும். சோதனைக் கூடத்துக்கு வந்து சேர்வது வலுவான கற்கள் மட்டுமே, அதனால் சராசரி எப்போதும் பொய்யாக உயரும். உதிர்ந்தவற்றைத் தூக்கி எறியாமல் எத்தனை என்று குறித்து வைக்க வேண்டும். இரண்டாவது, உலர்த்துவதில். வழக்கம்போல 105 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்தால் ஸ்மெக்டைட் தன் அடுக்குகளிடையே உள்ள நீரை இழந்து சுருங்கும், அளக்குமுன்பே பாறை மாறிவிடும். வெற்றிட அடுப்பில் 40 பாகையில் இரண்டு நாள் வைப்பது பாதுகாப்பு. மூன்றாவது, உலர்ந்த துண்டை மட்டும் உடைப்பது. மலைக்குள் பாறை நனைந்தே இருக்கிறது, களிமண் உள்ள துண்டு நனைந்தால் வலிமை நன்றாகவே இறங்கும்.

துண்டெடுக்க முடியாத இடங்களுக்கு ஹெலிகாப்டர் உதவுகிறது. புதிய லாவாவில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதால் காந்தத்தன்மை அதிகம். அரிப்பு அதை அழித்துவிடும். ஈரக் களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரண்டையும் வானிலிருந்து அளந்து, காந்தம் குறைந்து மின்கடத்தல் கூடிய இடத்தைக் குறித்தால் நொய்ந்த பகுதி வரைபடமாகக் கிடைக்கிறது. ரெய்னியரில் அப்படித் தெரிந்தது மேற்குச் சரிவின் மேற்பகுதி. அதற்குக் கீழே ஆர்ட்டிங் என்ற ஊர், சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அதே பக்கம் சரிந்து வந்த சேற்றின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது.

நாளும் நேரமும் கேட்டால் ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் ரேடார் கொண்டு சரிவு நகர்வதைப் பார்ப்பதுதான் வழி. நிலநடுக்கத்தை மட்டும் நம்பினால் 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனக் கிரகடோவா எரிமலையில் நடந்தது போல ஆகும். 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியா அமைத்த எச்சரிக்கை முறை பெரிய நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தது. எரிமலையின் தென்மேற்குச் சரிவோ அப்படி ஒன்று இல்லாமலேயே கடலில் விழுந்து, சுனாமி 400க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ரெய்னியரும் வெடிக்காமலே சரியலாம் என்பதால், மலையைக் கண்காணிப்பதோடு நிறுத்தாமல் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சேறு வரும் அதிர்வை உணரும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஆர்ட்டிங் பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்து ஏறி ஒத்திகை பார்க்கிறார்கள்.