சுண்ணாம்பில் எழுந்த சுவர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னை கோட்டை அருங்காட்சியகத்தை ‘ஜார்ஜியன்’ பாணிக் கட்டடம் என்கிறார்களே, ஏன்? (வாசகர், சேலம்)

1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்து முறை என்பதால் அந்தப் பெயர். நடுவாசலுக்கு இருபுறமும் ஜன்னல்கள் கணக்குப் பிசகாமல் அமையும். அலங்காரம் குறைவு; அளவுதான் அழகு. இங்கிலாந்தில் மேலும் கீழும் நகர்த்தும் கண்ணாடி ஜன்னல் வைப்பார்கள். சென்னை வெயிலுக்கு அது ஆகாது என்பதால் இங்கே சாய்வுப் பலகை அடித்த மரக்கதவுகள், உயர்ந்த கூரை, தாழ்வாரம் என்று மாறியது.

இந்தக் கட்டடம் 1795இல் முடிந்தது. முதலில் மெட்ராஸ் வங்கி இருந்தது. மாடிக் கூடத்தில் பொதுக்கூட்டம் நடந்தது, லாட்டரிச் சீட்டும் குலுக்கினார்கள். அருங்காட்சியகமானது 1948இல். போனால் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்கள்: 1792இல் திப்புவின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: அதன் மேல் கலங்கரை விளக்கம் இருந்தது உண்மையா? (வாசகி, நாகப்பட்டினம்)

உண்மை. 1796 முதல் மொட்டைமாடியில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்தது. 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள கல்தூணுக்கு அந்தப் பணி மாறியது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் சுவர் அந்தக் காலத்தில் பளிங்குபோல் மின்னியதாம். சிமெண்ட் பூசிய பிறகு பொரிந்து உதிர்கிறதே? (வாசகர், காரைக்கால்)

அது ‘மெட்ராஸ் சுண்ணம்’ பூச்சாக இருந்திருக்கும். மூன்று பூச்சு. முதல் பூச்சு சுண்ணாம்பும் ஆற்றுமணலும் வெல்லத்தண்ணீர் விட்டுக் குழைத்தது, அரை அங்குல கனம். இரண்டாவதில் மணலைக் குறைத்துச் சலித்துப் போடுவார்கள். மூன்றாவது கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்தது, மெல்லிய படலம்தான். அது ஈரமாக இருக்கும்போதே மாக்கல் தூளைத் துணிப்பொட்டலத்தால் தட்டித் தூவி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சில நாள் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுக்காவிட்டால் பளபளப்பு போய்விடும். அவசரக்காரருக்கான வேலையே அல்ல இது.

சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கடலோர ஈரத்தில் உப்பு உண்டு. அது பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, சிமெண்டைப் பாளம் பாளமாகத் தள்ளுகிறது. கூடவே செங்கல்லும் பொடியாகிறது. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் நிலைமை இன்னும் மோசம்.

சிமெண்டைச் சிற்றுளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். மழை இல்லாத மாதங்களில் சுவரைக் காயவிடுங்கள். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவிட்டுப் பயன்படுத்துங்கள். அரைகுறையாக நீறிய கட்டிகள் பூசிய பிறகு வெந்து, சுவரில் குழி குழியாகத் தெறிக்கும். பூச்சுக்கு மேல் வெறும் வெள்ளையடித்தாலே போதும்.