பிஎச் 8.2 என்றால் சோடிய மண்ணா?

தம்பி, ஹட்டனில் உயர்தரம் படிப்பதாகவும், பயிற்சித்தாளில் வந்த பாலைவன மேய்ச்சல் நில மண்ணின் பிஎச் 8.2 என்பதால் அதைச் சோடிய மண் என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நம் தேயிலை மலையில் மழை சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால்தான் டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போடுகிறோம். பாலைவனத்தில் அது மண்ணிலேயே தங்கிவிடும். அந்தச் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, மட்டுமே பிஎச்சை 8.4 அளவுக்குக் கொண்டுபோகும். அந்த மண்ணில் ஐதான அமிலம் விட்டால் நுரைக்கும். சோடிய மண்ணில் பரிமாற்றச் சோடியம் (களித் துகள்களில் ஒட்டியிருக்கும் அயன்களில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல், பிஎச்சும் பெரும்பாலும் 8.5ஐத் தாண்டும். களி சிதறித் துளைகள் அடைபடும், தண்ணீர் இறங்காது, புல் காயும். மேய்ச்சலுக்கு இதுதான் பெரிய ஆபத்து.

அப்புறம், அரிடிசோல் என்ற வறண்ட நில மண் வரிசையில் சுண்ணாம்பு திரண்டது கல்சிட், ஜிப்சம் திரண்டது ஜிப்சிட், உப்பு திரண்டது சாலிட். வினாவில் சோடிய அளவு தந்திருக்கிறதா பாருங்கள். இல்லை, நுரைக்கும் என்று மட்டும் இருந்தால், சரி, சுண்ணாம்பு மண் என்றே எழுதுங்கள்.