விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி கொரிந்து சபையில் ஏன் அவ்வளவு பெரிய சிக்கலானது?

கி.பி. முதல் நூற்றாண்டில், கிரேக்க நகரமான கொரிந்தின் கிறிஸ்தவர்களிடையே எழுந்த சிக்கல் இது. சந்தையில் கறி வாங்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வியை அப்போஸ்தலர் பவுல் அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்தில் (கடிதத்தில்) ஒரே வரியில் முடித்துவிட்டார்: கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், விசாரிக்க வேண்டியதில்லை (1 கொரிந்தியர் 10:25). அவர் நீட்டிப் பேசுவது பந்தியைப் பற்றி. யார் அழைத்த பந்தி, எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருந்தது.

'படைத்தது' என்றதும் இலை போட்டுச் சாமி முன் வைக்கும் படையல்தான் நமக்கு நினைவுக்கு வரும். கிரேக்கப் பலியில் தெய்வத்தின் பங்கு நெருப்பில் எரிந்து புகையாகப் போய்விடும். பலிபீடம் கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கும். ஆட்டையோ பன்றியையோ மாட்டையோ மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து, வாற்கோதுமை மணிகளைத் தூவுவார்கள். நெற்றி முடியில் கொஞ்சம் வெட்டி நெருப்பில் போட்ட பிறகு கழுத்தை அறுப்பார்கள். கொழுப்புச் சுற்றிய தொடை எலும்பு தெய்வத்துக்கு. ஈரல், இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் கம்பியில் குத்திச் சுட்டு, பலியில் நெருங்கிப் பங்கெடுத்தவர்கள் முதலில் ருசி பார்ப்பார்கள். பூசாரிக்குத் தனிப்பங்கு உண்டு, பல கோயில்களில் தோலும் ஒரு காலும். மிச்சக் கறி கூடியிருப்பவர்களுக்கு. ஆகவே நல்ல கறி முழுவதும் மனிதர்களுக்குத்தான் வந்து சேரும். அதைச் சாப்பிட்டு முடிக்கும் வரை பலியும் முடிந்ததாகாது.

கொரிந்தில் ரோமச் சடங்கும் கலந்திருந்தது. கி.மு. 146இல் ரோமர்கள் அழித்த அந்த ஊரை, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். ரோம முறையில் பலி கொடுப்பவர் தன் மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்வார். அப்படி முக்காடிட்ட அகஸ்துவின் சிலை கொரிந்திலேயே கிடைத்திருக்கிறது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கக் கூடாது என்று அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சொல்வதை இந்தச் சிலையோடு சேர்த்துப் படிப்பதே சரி என்பது என் எண்ணம்.

சந்தைக் கறி முழுவதும் பலிக்கறிதான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது மிகைப்படுத்தல். பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் (இன்றைய துருக்கியில் இருக்கிறது) ஆளுநர் பிளினி கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், அதுவரை வாங்க ஆளே இல்லாமல் கிடந்த பலி மிருகங்களின் கறி மறுபடி விற்பனையாகிறது என்கிறார். எது பலிக்கறி என்று விற்பவருக்குத் தெரிந்திருந்தது, கிறிஸ்தவர்கள் பெருகியதால் அந்த வியாபாரம் அடிவாங்கியது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். வாங்குகிறவர் கேட்டால்தான் தெரியும் என்பதால்தான் 'விசாரிக்க வேண்டாம்' என்ற அறிவுரைக்கே பொருள் இருக்கிறது.

இனி பந்திக்கு வருவோம். கொரிந்தில், நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயில் வளாகத்தில் மூன்று உணவறைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டி, சாய்ந்தபடி உண்பதற்கு 11 இருக்கைகள். கோயிலில் விருந்து வைப்பது அன்று சாதாரணம். எகிப்தின் ஒக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் அழைப்பில், கைரெமோன் என்பவர் 'நாளை 15ஆம் தேதி, ஒன்பதாம் மணிக்கு, சராப்பிஸ் கோயிலில் ஆண்டவர் சராப்பிஸின் பந்திக்கு' அழைக்கிறார். ஒன்பதாம் மணி என்றால் நம் கணக்கில் பிற்பகல் மூன்று. பந்தி யாருடையது என்பது அழைப்பிலேயே இருக்கிறது, பந்திக்கு உரிமையாளர் அந்தத் தெய்வம். கர்த்தருடைய பந்தியிலும் பேய்களின் பந்தியிலும் ஒருசேரப் பங்கெடுக்க முடியாது என்று பவுல் (10:21) எழுதியதை வெறும் உருவகமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கறியே இல்லாத பந்தியிலும் வழிபாடு இருந்தது. இத்தாலியின் லனுவியத்தில் கி.பி. 136இல் எழுதப்பட்ட ஒரு சங்க விதிமுறைக் கல்வெட்டு இருக்கிறது. உறுப்பினரை முறையாக அடக்கம் செய்வதற்கான எளியவர்களின் சங்கம் அது. சேர்க்கைக் கட்டணம் 100 செஸ்டர்ஸும் ஒரு ஜாடி நல்ல மதுவும், மாதச் சந்தா 5 ஆஸ் (இரண்டும் ரோம நாணயங்கள், 4 ஆஸ் ஒரு செஸ்டர்ஸ்). விருந்தில் ஆளுக்கு 2 ஆஸ் பெறுமான ரொட்டி, நான்கு மத்தி மீன், மது, வெந்நீர். அவ்வளவுதான். ஆனால் சங்கத் தலைவர் விழா நாட்களில் வெள்ளை உடுத்தி, தூபமும் மதுவும் செலுத்தியாக வேண்டும். இதுபோன்ற சங்கத்தை விட்டு ஒருவர் விலகினால் நண்பர்களோடு அடக்கச் செலவுக்கான உதவியும் போய்விடும். வசதியானவர்களுக்கு வேறு நெருக்கடி. ரோமர் 16:23இல் வரும் ஏரஸ்து பட்டணத்து உக்கிராணக்காரர், அதாவது ஊரின் பணப்பொறுப்பைப் பார்த்த அதிகாரி. அந்தப் பதவியில் இருப்பவர் ஊர் விருந்துகளை எத்தனை முறை தட்டிக்கழிக்க முடியும்?

பவுல் சொன்ன நடைமுறை இதுதான். கோயில் பந்தியில் உட்காராதே. சந்தைக் கறியைக் கேள்வி கேட்காமல் வாங்கு. அவிசுவாசி வீட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. அங்கே யாராவது 'இது பலியிட்டது' என்று சொன்னால் மட்டும், சொன்னவருக்காகச் சாப்பிடாமல் விட்டுவிடு. இதில் பலவீனமான இடம் கடைசி விதிதான். விருந்தின் நடுவில் கையை எடுப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது. எல்லோரும் இந்த நெகிழ்வை ஏற்கவும் இல்லை. புதிய ஏற்பாட்டிலேயே அப்போஸ்தலர் 15 மொத்தமாக விலகச் சொல்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் பெர்கமு, தியத்தீரா சபைகளை இதற்காகவே கண்டிக்கிறது. பிற்காலச் சபையில் நிலைத்தது இந்தக் கண்டிப்பான போக்குதான்.

அதற்கு ஒரு காரணம் அரசே கொடுத்தது. ரோமப் பேரரசர் டெசியஸின் ஆணைப்படி எல்லோரும் பலியிட வேண்டியிருந்தது. எகிப்தில் கி.பி. 250இல் எழுதப்பட்ட சான்றிதழ்கள் 40க்கு மேல் கிடைத்துள்ளன. அதிகாரிகள் முன்னிலையில் மதுவை ஊற்றினேன், பலியிட்டேன், பலியானதை ருசித்தேன் என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பின் 'விசாரிக்காமல் சாப்பிடு' என்று சொல்ல இடமே இல்லாமல் போனது.