தம்பியின் சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை நிலம். என் தம்பிக்கு 25 வயது. டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன், போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தான். பிறகு திரும்பிப் போகவே இல்லை.

முதலில் தூக்கம்தான் கெட்டது. இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் தன்னை ஆள்வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்றும், அவர்கள் பேசுவது காதில் விழுகிறது என்றும் சொல்லத் தொடங்கினான். இப்போது அம்மா வைக்கும் சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லி, தானே அவித்த முட்டையும் தானே வெட்டிய இளநீரும் தவிர வேறு எதையும் பெரும்பாலும் தொடுவதில்லை. நான் ஊருக்குப் போகும் நாள்களில் மட்டும், அவன் தட்டிலிருந்தே நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினால் அவனும் சாப்பிடுகிறான்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போனோம். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு நாள் முழுக்கத் தூங்கி வழிந்தான், வாயில் எச்சில் ஒழுகியது. "பிள்ளையை நடைப்பிணமாக்கிவிட்டார்கள்" என்று அப்பா பத்தே நாளில் நிறுத்திவிட்டார். அம்மா திருவிடைமருதூர்க் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு அழைத்துப்போய் வந்தார். ஒரு கோடாங்கி வந்து கயிறு கட்டிவிட்டு, அடுத்த அமாவாசைக்கு வேப்பிலை அடிக்க வேண்டும் என்கிறார். மாமா, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்துவிடு, நீ கொடுத்தால் சாப்பிடுவான் என்கிறார்.

எங்கள் பக்கத்திலேயே நம்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா? அவன் வர மறுத்தால் நாங்கள் என்ன செய்வது? மாத்திரையைக் கலந்து கொடுப்பது தவறா? தங்கை ஒருத்தி கல்யாண வயதில் இருப்பதால் ஊரில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரமே நீங்கள் அதைச் செய்துவிடக் கூடும். ரசத்தில் கலக்க வேண்டாம். சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அச்சத்திலேயே உங்கள் தம்பி இத்தனை மாதங்களாக வாழ்கிறார். அந்த வீட்டில் அவர் நம்பிச் சாப்பிடும் ஒரே கை உங்களுடையது. பொடியின் கசப்பு நாக்கில் பட்டோ, யாரோ வாய்தவறிச் சொல்லியோ, என்றாவது ஒருநாள் அவருக்குத் தெரிந்தால், அவருடைய பயம் உண்மை என்று நாமே நிரூபித்ததாகிவிடும். அதன்பிறகு மருந்தை மட்டுமல்ல, உங்களையும் அவர் நம்பமாட்டார். மேலும், எவ்வளவு மருந்து உள்ளே போகிறது, உடல் அதை எப்படி ஏற்கிறது என்று மருத்துவர் பார்க்காமல், பழைய மாத்திரையை அளவு தெரியாமல் கொடுப்பது உடலுக்கும் ஆபத்து. பல குடும்பங்கள் இதைப் பாசத்தால் செய்கின்றன என்பதை அறிவேன், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் தம்பியின் நிலையில் இதைவிடத் தீங்கான வழி வேறில்லை என்றே நினைக்கிறேன்.

கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்வது முறையன்று. தூக்கம் கெடுவது, மற்றவர் காதில் விழாத குரல் கேட்பது, சான்றில்லாத சந்தேகம் உறுதியான நம்பிக்கையாக இறுகிவிடுவது ஆகியவை மாதக்கணக்கில் சேர்ந்து நீடித்தால், மனநல மருத்துவர்கள் அதைத் தீவிர மனநோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பரிசோதிப்பார்கள். கஞ்சா போன்ற போதைப்பழக்கம் இருந்ததா, தைராய்டு போன்ற உடல்கோளாறு ஏதேனும் உண்டா என்பதையும் கேட்டுப் பார்ப்பார்கள். இவ்வகை நோய் இளவயதில் தொடங்குவது வழக்கம், சீக்கிரம் மருத்துவத்தைத் தொடங்கியவர்கள் நன்றாகத் தேறுவதும் வழக்கம். வளர்ப்புக் குற்றமோ, யாரும் வைத்த செய்வினையோ இதற்குக் காரணமில்லை என்பதை அம்மாவிடம் பலமுறை சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது: மாதந்தோறும் தவறாமல் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மருத்துவமனையே உங்களுக்கு நல்ல மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கொண்டது, அதன்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்த்து முடிக்கிற காரியமல்ல இது. மாத்திரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும், பக்கவிளைவைப் பார்த்தும், ஓராண்டு இரண்டாண்டு நடக்கிற மருத்துவம். நாற்று நடவு நாளிலும் அறுவடை நாளிலும் சென்னைக்குப் போய்வர உங்கள் அப்பாவால் முடியுமா? உங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மறுபக்கம் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. இவை தவிர, மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார், மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். மன்னார்குடியிலோ நீடாமங்கலத்திலோ உள்ள அரசு மருத்துவமனையில், ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில், "மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?" என்று கேட்டால் போதும். தம்பிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால், இன்றிரவே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த இலவச அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், நோயாளியின் குடும்பத்தாரும் பேசலாம். ஊரார் காதில் விழாமல் வாய்விட்டுக் கேட்க இது உங்களுக்கு ஒரு வழி.

முதல்முறை தம்பி இல்லாமலே நீங்களும் அப்பாவும் மருத்துவரைப் பார்க்கப் போங்கள். அவரை நேரில் பார்க்காமல் மருந்து எழுதமாட்டார்கள், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டு வழி சொல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில், தூக்கம் எந்த மாதம் கெட்டது, எந்தப் பேச்சு எப்போது தொடங்கியது, என்ன சாப்பிடுகிறார், உடல் எவ்வளவு இளைத்திருக்கிறது என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். முன்பு கொடுத்த மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அந்த மாத்திரையால் தூங்கி வழிந்ததும் எச்சில் ஒழுகியதும் மருத்துவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. அளவைக் குறைக்கலாம், இரவுவேளைக்கு மாற்றலாம், வேறு மருந்து தரலாம். அப்பா நிறுத்தியதில் பிள்ளைமேல் உள்ள பரிவுதான் தெரிகிறது. அப்படி நிறுத்தாமல் மருத்துவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்பதை அன்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே என் வருத்தம். இந்த மருந்துகள் முழுப்பலன் தர வாரக்கணக்கில் ஆகும். தினமும் மாத்திரை விழுங்க விரும்பாதவர்களுக்கு, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அதையும் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

அவர் வர மறுப்பார் என்பது உண்மைதான். "உனக்கு மனநோய்" என்று வாதாடி யாரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக முடிந்ததாக நான் கண்டதில்லை. யாரும் கண்காணிக்கவில்லை என்று அடித்துச் சொல்லாதீர்கள், ஆமாம் என்று ஒத்தூதவும் வேண்டாம். "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் நீ எவ்வளவு பயந்துபோயிருக்கிறாய் என்று தெரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். தூக்கமில்லாமல் தவிப்பதை அவரே ஒத்துக்கொள்வார். "தூக்கத்துக்கும் பயத்துக்கும் பார்க்கிற டாக்டரிடம் போகலாம், நானும் கூட இருக்கிறேன்" என்பது பொய்யல்ல. கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று வண்டியில் ஏற்றாதீர்கள்.

வெளியே எடுத்துச் சொல்லத் தயங்கும் ஒன்றையும் கேட்கிறேன். அவர் சாவைப் பற்றிப் பேசுகிறாரா? "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் எலி மருந்தும் வீட்டில் இருந்தால் இன்றே பூட்டிவைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அவர் தன்னையோ பிறரையோ தாக்க முனைந்தாலும், சாப்பாட்டையே விட்டு உயிருக்கு ஆபத்தாகும் நிலை வந்தாலும், 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள். அத்தகைய நிலையில், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, குடும்பத்தில் ஒருவர் விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும், அவரோடு இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்து ஒப்பினால், அவர் சம்மதிக்காவிட்டாலும் 30 நாள்வரை உள்நோயாளியாக வைத்து மருத்துவம் பார்க்கலாம். அவருக்காகக் கையெழுத்திடப்போவது யார் என்பதை அப்பாவும் நீங்களும் இப்போதே பேசிவையுங்கள்.

திருவிடைமருதூருக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன். வரகுண பாண்டியன் தன்னைத் தொடர்ந்த பிரம்மஹத்தியைக் கீழைக் கோபுர வாசலில் விட்டுவிட்டு வேறு வாசல் வழியே வெளியேறினான் என்று சொல்லும் அந்தத் தலத்துக்கு, மனக்கலக்கம் உடையவர்களைக் காலங்காலமாக அழைத்து வருகிறார்கள். அம்மாவுக்கு அது தெம்பு தருகிறது. கோயிலும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கட்டும். வேப்பிலை அடிக்கு மட்டும் ஒப்பாதீர்கள். யாராவது அடிப்பதும் பட்டினி போடுவதும் சங்கிலியில் கட்டுவதும் சட்டப்படி குற்றம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

தங்கையின் கல்யாணப் பேச்சுக்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

போகும் நாளில் நீங்கள் முந்தின இரவே பிறந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். காலையில் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எங்கே போகிறோம் என்பதை அவரிடமே சொல்லிக் கிளம்புங்கள். ஓ.பி. வரிசையில் அப்பா நிற்கட்டும், முறை வரும்வரை நீங்கள் தம்பியோடு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருங்கள்.