எல்லோருக்கும் கண் கருப்பு என்றால் எதை எண்ணுவது?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். புள்ளியியல் செயல்திட்டத்துக்கு ‘எங்கள் பள்ளி மாணவர்களின் கண் நிறம்’ என்ற தலைப்பை எடுத்தேன். என் வகுப்பில் 42 பேரிடம் கேட்டேன். 41 பேர் கருப்பு, ஒருவருக்குப் பூனைக்கண். வட்ட விளக்கப்படம் வரைந்தால் முழு வட்டமும் ஒரே நிறமாக இருக்கிறது. பள்ளியில் மொத்தம் 1,200 பேர். இன்னும் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? இல்லை, தலைப்பையே மாற்றிவிடவா?

பதில்: தலைப்பு இருக்கட்டும், கேள்வியை மாற்றுங்கள்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 592 பேரின் கண் நிறத்தைப் பற்றிய ஓர் அட்டவணை 1974இல் வெளியானது. புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டாக வைக்கிறார்கள். பழுப்பு 220, நீலம் 215, ஹேசல் எனப்படும் பச்சை கலந்த பழுப்பு 93, பச்சை 64. அங்கே நான்கு பட்டைகளும் எழுந்து நிற்கும். அதே நான்கு கட்டங்களைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தால் ஒன்று நிரம்பி வழியும், மற்றவை காலியாகக் கிடக்கும். தவறு உங்கள் வகுப்பில் இல்லை, கட்டங்களில் இருக்கிறது.

அந்த அட்டவணையில் கருப்பு என்று ஒரு பிரிவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் கருப்பு என்று சொல்லும் கண் உண்மையில் அடர் பழுப்பு. பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையமான ஐரிஸில் மெலனின் என்ற நிறமி அதிகமாக இருந்தால் அடர் பழுப்பு, குறைந்தால் வெளிர் பழுப்பு. நீல நிறமி என்று ஒன்று கண்ணில் கிடையாது. மெலனின் மிகக் குறைவாக உள்ள ஐரிஸில் ஒளி சிதறுவதால்தான் கண் நீலமாகத் தெரிகிறது. ஆகவே உங்கள் 41 ‘கருப்பு’களுக்குள் பல பழுப்புகள் ஒளிந்திருக்கின்றன.

அவற்றைப் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். பெயின்ட் கடையில் தரும் நிற அட்டையிலிருந்து மூன்று பழுப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: ஏறக்குறைய கருப்பு, நடுத்தரம், தேன் நிறம். இவற்றில் சேராத பச்சை, சாம்பல், நீலம் எல்லாவற்றுக்கும் நான்காவதாக ஒரு பிரிவு போதும். கடைசி மாணவர் வரை அதே அட்டையைப் பயன்படுத்த வேண்டும்.

வெளிச்சம்தான் பெரிய வில்லன். மங்கலான வகுப்பறையில் பாவை விரிந்து ஐரிஸ் ஒடுங்கிவிடும். எல்லாக் கண்ணும் கருப்பாகத்தான் தெரியும். வராந்தா நிழலில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்கச் சொல்லி, காலை இடைவேளை நேரத்திலேயே எல்லோரையும் பாருங்கள். செல்போனில் படம் எடுத்துப் பிறகு வகைப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திவிடும், பிள்ளைகளின் முகப் படங்கள் உங்களிடம் சேர்வதும் நல்லதல்ல.

தோழி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் 30 பேரை இருவரும் தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் குறியுங்கள். ஆனால் ஒத்துப்போன சதவீதத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. இருவரும் பத்துக்கு ஒன்பது பேரை ‘அடர்’ என்றும் மீதியை ‘வெளிர்’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூட, தற்செயலாகவே 82 சதவீதம் பொருந்தும் (0.9 × 0.9 + 0.1 × 0.1).

இப்போது மாற்றச் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அட்டையைக் காட்டுவதற்கு முன், ‘உன் கண் என்ன நிறம்?’ என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அட்டையோடு ஒப்பிடுங்கள். மாணவர் சொல்லும் நிறத்துக்கும் பார்த்துக் குறிக்கும் நிறத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதே உங்கள் ஆய்வு. உழைப்பு கொஞ்சம்தான் கூடும், ஆனால் ஒரே நிற வட்டத்துக்குப் பதிலாக, சொன்ன நிறம் ஒரு பக்கமும் பார்த்த நிறம் மறுபக்கமுமாக இருவழி அட்டவணை கிடைக்கும். கேட்டு வாங்கிய விவரத்தையும் பார்த்து எடுத்த விவரத்தையும் ஒன்றாக நினைப்பது பெரியவர்களின் கணக்கெடுப்புகளிலும் நடப்பதுதான்.

எத்தனை பேர்? 200 போதும். 1,200இல் 200 என்றால் ஆறில் ஒருவர். வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் லுடோ பகடையை ஒருமுறை உருட்டுங்கள். மூன்று விழுந்தால் 3, 9, 15 என்று ஆறாறாகப் போங்கள். பதிவேட்டில் மாணவர், மாணவியர் பெயர்கள் தனித்தனியாக இருந்தால் இரு சாராரும் தம் விகிதப்படியே வந்துவிடுவார்கள். அன்று வராதவருக்குப் பதில் அடுத்த பெயரைப் பிடிக்காதீர்கள். வந்த பிறகு பாருங்கள். இப்படி எடுத்தால் எந்த விகிதத்துக்கும் பிழை எல்லை, 95 சதவீத நம்பிக்கை அளவில், அதிகபட்சம் ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள். 200 பேரில் பூனைக்கண் ஒன்றுகூட வராவிட்டால் ‘எங்கள் பள்ளியில் இல்லை’ என்று எழுதக் கூடாது. ஒன்றுகூட வராதபோது மேல் எல்லையைக் காண ஓர் எளிய விதி உண்டு. மூன்றை 200ஆல் வகுங்கள்: 1.5 சதவீதம் வரை இருக்கக்கூடும்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். தாளில் பெயர் வேண்டாம், வகுப்பும் பாலினமும் போதும். ஒரு வகுப்பில் ஒரே ஒருவருக்குப் பூனைக்கண் என்று அச்சிட்டால் பெயரை எழுதியது போலத்தான். அத்தகைய கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு இணைத்துவிடுங்கள். ஒரு கண்டிப்பான சொல்: சாதி, சமயப் பத்தி வேண்டவே வேண்டாம். கைக் கயிற்றின் நிறத்தை வைத்தே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிரித்த ஊர்ப்பக்கம் இது. 2023 நாங்குநேரித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கண் நிறத்தை இன்னொரு கயிறாக்க வேண்டாம்.

முடிவுகளுக்கு வட்டப்படத்தை விட்டுவிட்டுப் பட்டை வரையுங்கள். நிறத்தைப் பெயரால் பிரித்த தரவில் கூட்டுச் சராசரிக்கு இடமில்லை, முகடு, அதாவது அதிகம் பேருக்கு இருக்கும் நிறம், மட்டும் சொல்லலாம். இரண்டு விவரங்களுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) செய்வதானால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் குறையும் கட்டங்களை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள். எதை எதோடு சேர்ப்பது என்பதைக் கணக்கெடுக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கையில் இருக்கும் 42 பேரின் தாளையும் தூக்கி எறிய வேண்டாம், முன்னோட்டம் என்று சேர்த்துக்கொள்ளலாம். அதிலிருந்து ‘2.4 சதவீதம் பூனைக்கண்’ என்று எழுதினால் மட்டும் மதிப்பெண் குறையும். அந்த வகுப்பு பகடை போட்டுத் தேர்ந்தெடுத்த மாதிரியாகவே இருந்திருந்தாலும், 42இல் ஒன்று என்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவிலிருந்து எட்டில் ஒன்று வரை எதுவாகவும் இருக்கலாம்.