அமெரிக்காவின் டெலவேர் போன்ற ஒரு சிறிய மாநிலத்தின் அரசியலில் பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவச் சபையினர் இத்தனை பேர் இடம்பெற்றது எப்படி? இது தற்செயலா?

தற்செயல் இல்லை என்பதே என் பதில். வில்மிங்டனுக்கு அருகே சில ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்குள்ள பழைய ஆலயங்களையும் கல்லறைத் தோட்டங்களையும் பார்க்கத் தொடங்கி, அதன் வழியாகவே இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன். இறையியலைவிட ஒரு துறைமுகமும் ஒரு பள்ளிக்கூடமுமே இதற்கு முதன்மையான காரணங்கள் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் விவிலியத்தில் 'மூப்பர்' என்று வரும் சொல்லின் கிரேக்க மூலமே பிரஸ்பிட்டேரியன் என்ற பெயருக்கு வேர். இந்தச் சபையில் பேராயர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உள்ளூர்ச் சபையை நடத்துவார்கள், பல சபைகள் சேர்ந்து ஒரு மன்றம், மன்றங்கள் சேர்ந்து சினாட் என்று அமைப்பு மேலே செல்லும். தேர்தல், விவாதம், தீர்மானம், மேல்முறையீடு ஆகியவற்றை ஓர் எளிய விவசாயியும் தன் ஆலயத்திலேயே பழகிக்கொண்டான்.

அந்தத் துறைமுகம் டெலவேரில் உள்ள நியூகாசில். 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரிலிருந்து ஆயிரக்கணக்கான பிரஸ்பிட்டேரியன்கள் டெலவேர் ஆற்றின் வழியாக அமெரிக்காவுக்குள் வந்தார்கள். அயர்லாந்தில் 1704-இல் வந்த சட்டம், அரசின் சபையான ஆங்கிலிக்கன் சபையின் முறைப்படி நற்கருணை பெறாதவர்களுக்கு அரசுப் பதவிகளை மறுத்தது, குத்தகை உயர்ந்தது, 1720-களின் இறுதியில் விளைச்சலும் பொய்த்தது. கப்பல் வசதியை ஆளிவிதை ஏற்படுத்திக் கொடுத்தது. நல்ல லினன் நூலுக்கு ஆளிச் செடியை விதை முற்றுவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும் என்பதால், அல்ஸ்டர் விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் வெளியிலிருந்து விதை தேவைப்பட்டது. அந்த விதையை ஏற்றிக்கொண்டு போன கப்பல்கள் திரும்பும்போது மனிதர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. 1739-இல் அப்படி ஒரு கப்பலில் தந்தையைக் கடலிலேயே பறிகொடுத்து, பத்து வயதில் அநாதையாக நியூகாசிலில் இறங்கிய சார்லஸ் தாம்சன்தான் பிற்காலத்தில் விடுதலைக்குப் போராடிய குடியேற்றங்களின் பொது அவையான அமெரிக்கக் கண்டப் பேரவையின் செயலாளராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர்.

அந்தச் சிறுவனைப் படிக்க வைத்தவர் பிரான்சிஸ் அலிசன் என்ற போதகர். அயர்லாந்தின் டோனகாலில் பிறந்த அவர், டெலவேர் எல்லையை ஒட்டிய பென்சில்வேனியாவின் நியூ லண்டன் என்ற ஊரில் 1743-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சினாட் அதை ஏற்றுக்கொண்டு, விரும்பியவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் அனுப்பலாம் என்று அறிவித்தது. லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த அலிசன், தத்துவ அறிஞர் பிரான்சிஸ் ஹட்சிசனின் அறவியலையும் சேர்த்தே கற்பித்தார். ஆட்சியாளர் மக்களின் நலனுக்கு மாறாக நடந்தால் மக்கள் எதிர்க்கலாம் என்பது அந்த அறவியலின் ஒரு பாடம். அந்த வகுப்பில் உட்கார்ந்த மாணவர்களில் மூன்று பேர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள்: தாமஸ் மக்கீன், ஜார்ஜ் ரீட், ஜேம்ஸ் ஸ்மித். இவர்களில் ரீட் ஆங்கிலிக்கன் என்பதையும் குறிப்பிட வேண்டும். சபையின் பள்ளி சபைக்கு வெளியே இருந்தவர்களையும் உருவாக்கியது.

டெலவேரின் பிரஸ்பிட்டேரியன் அரசியல்வாதிகளில் ஒருவரைப் பற்றி மட்டும் படிக்க நேரமுண்டு என்றால் மக்கீனைப் படியுங்கள். விடுதி நடத்திய ஒருவரின் மகனாக 1734-இல் பிறந்து, நியூகாசிலில் உறவினர் ஒருவரிடம் சட்டம் பயின்று, 1765-இல் பிரிட்டன் விதித்த முத்திரைத் தாள் வரிக்கு எதிராக நியூயார்க்கில் கூடிய மாநாட்டுக்குச் சீசர் ராட்னியோடு டெலவேரின் பிரதிநிதியாகச் சென்றார். 1776 ஜூலை 1 அன்று சுதந்திரத் தீர்மானம் பேரவையில் விவாதத்துக்கு வந்தபோது மக்கீன் ஆதரித்தார், ரீட் எதிர்த்தார். மூன்றாவது உறுப்பினரான ராட்னி டெலவேரில் இருந்தார். வாக்கு ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுவிட்டால் டெலவேரின் குரலே எழாது. தன் சொந்தச் செலவில் விரைவுத் தூதர் ஒருவரை மக்கீன் அனுப்பினார். ராட்னி இடியும் மழையுமான இரவில் ஏறத்தாழ 80 மைல் பயணம் செய்து மறுநாள் வந்து சேர்ந்தார். பூட்ஸும் குதிமுள்ளுமாக நின்ற அவரை வாசலிலேயே எதிர்கொண்டதாக மக்கீன் முதுமையில் எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். டெலவேரின் வாக்கு சுதந்திரத்தின் பக்கம் விழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாக்கைத் தீர்மானித்த ராட்னியும் ஆங்கிலிக்கன்தான். ஆகவே 'டெலவேரின் விடுதலை பிரஸ்பிட்டேரியன்களின் சாதனை' என்று ஒரே வரியில் எழுதுவது நியாயமாகாது. வடக்கே நியூகாசில் மாவட்டத்தில் செறிந்திருந்த பிரஸ்பிட்டேரியன்கள் பெரும்பாலும் விடுதலையின் பக்கம் நின்றார்கள், தெற்கே கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களின் ஆங்கிலிக்கன்களிடையே தயக்கமும் அரசவிசுவாசமும் மிகுதியாக இருந்தன என்று சொல்வதே சரியாக இருக்கும். அந்தத் தயக்கத்துக்கும் வலிமை இருந்தது: 1776 இலையுதிர் காலத்தில் புதிய சட்டமன்றம் மக்கீனையும் ராட்னியையும் பேரவைக்கு மீண்டும் அனுப்பவில்லை.

மறு ஆண்டு மாநிலத்தின் முதல் தலைவராகச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த மருத்துவர் ஜான் மெக்கின்லியும் அல்ஸ்டரில் பிறந்த பிரஸ்பிட்டேரியன்தான், ஆனால் மிதவாதி. 1777 செப்டம்பரில் பிராண்டிவைன் போருக்குப் பின் பிரிட்டிஷ் படையினர் வில்மிங்டனுக்குள் புகுந்து அவரைச் சிறைப்பிடித்தார்கள். அடுத்த பொறுப்பில் இருந்த ரீட் வந்து சேரும் வரை, சுமார் ஒரு மாதம் மக்கீன் மாநிலத் தலைவராகச் செயல்பட்டார். அதே சமயம் பென்சில்வேனியாவின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். எதிரிகள் தன்னை நரியைப் போல வேட்டையாடினார்கள் என்றும், சில மாதங்களுக்குள் குடும்பத்தை ஐந்து முறை இடம் மாற்றி, கடைசியில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் ஒரு சிறிய மரக்கட்டை வீட்டில் குடிவைத்தேன் என்றும் 1779-இல் ஜான் ஆடம்ஸுக்கு எழுதினார். இரண்டு மாநிலங்களின் உயர் பதவிகளை ஒருவரே வகித்ததை அக்காலத்திலேயே பலர் குறை கூறினார்கள், அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஒரு மாதம் பொறுப்பேற்க ஒருவர் தேவைப்பட்டார், அவர் ஏற்றார்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜான் ஹேஸ்லெட். அயர்லாந்தில் போதகராக இருந்தவர். அமெரிக்கா வந்து கென்ட் மாவட்டத்தில் மருத்துவம் பார்த்தார், சட்டமன்ற உறுப்பினரானார், 1776-இல் டெலவேர் படைப்பிரிவின் கர்னலானார். 1777 புத்தாண்டோடு வீரர்களின் ஒப்பந்தக் காலம் முடிந்து பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். புதிய ஆட்களைத் திரட்ட ஊருக்குத் திரும்பும்படி தலைமைத் தளபதி வாஷிங்டன் கொடுத்த உத்தரவு ஹேஸ்லெட்டின் சட்டைப்பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அவர் களத்தில் நின்றார். ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டன் போரில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். பிலடெல்பியாவில் அடக்கம் செய்யப்பட்ட அவரது எச்சங்களை 1841-இல் மாநிலச் சட்டமன்றம் தலைநகர் டோவரின் பிரஸ்பிட்டேரியன் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. 1790-இல் கட்டிய செங்கல் ஆலயத்தை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் ஒரு பிற்பகல் நெடுநேரம் நின்றிருக்கிறேன். மகன் ஜோசப் ஹேஸ்லெட் 1811-இலும் 1823-இலும் ஆளுநராகப் பதவியேற்றார். இரண்டாம் முறை பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

சபைக்கும் அரசுக்கும் இடையே இருந்த எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெலவேரின் 1776-ஆம் ஆண்டு அரசமைப்பின் 22ஆம் பிரிவு, பதவி ஏற்பவர் திரியேக தேவனில் நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்றது. அதே ஆவணத்தின் 29ஆம் பிரிவோ, எந்தச் சபைக்கும் அரசு முன்னுரிமை தராது என்றும், ஊழியத்தில் இருக்கும் போதகர் எவரும் அரசுப் பதவி வகிக்கவோ சட்டமன்றத்தில் அமரவோ கூடாது என்றும் விதித்தது. மூப்பர் சட்டமன்றத்துக்கு வரலாம், போதகர் வர முடியாது. அயர்லாந்தில் ஒரு சபை அரசோடு கைகோத்தபோது தங்களுக்கு நேர்ந்ததை மறவாத மக்களுக்கு இந்தப் பிரிவு நிச்சயம் ஏற்புடையதாகவே இருந்திருக்கும். பதவிக்கான மத உறுதிமொழியை 1792-ஆம் ஆண்டு அரசமைப்பு நீக்கிவிட்டது.

தேசிய அரங்கில் டெலவேரின் சிறிய அளவையே உரிமையாக மாற்றிப் பேசியவர் கன்னிங் பெட்ஃபோர்ட். பிரஸ்பிட்டேரியன் கல்லூரியான பிரின்ஸ்டனில் 1771-இல், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசனோடு பட்டம் பெற்றவர். 1787 ஜூன் 30 அன்று பிலடெல்பியா அரசமைப்பு மாநாட்டில், பெரிய மாநிலங்களின் முகத்துக்கு நேராகவே உங்களை நான் நம்பவில்லை என்றார். சிறிய மாநிலங்களைக் கைவிட்டால் அவை நேர்மையுள்ள ஓர் அந்நிய நாட்டின் கையைப் பற்றும் என்றும் எச்சரித்தார். மாநாடு கொதித்தது. சில நாள்களில் அவரே, வழக்கறிஞர் தொழிலின் வேகம் அது என்று விளக்கம் கொடுத்தார். மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சம வாக்கு என்ற ஏற்பாடு அந்த ஜூலையிலேயே முடிவானது; டிசம்பர் 7 அன்று டெலவேர் 30 வாக்குகளுக்கு ஒன்றுகூட எதிரில்லாமல் அரசமைப்பை முதலாவதாக ஏற்றது. பெட்ஃபோர்ட் ஒருவரே இதைச் சாதித்தார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரியவர்களின் அவையில் சிறியவனின் சந்தேகத்தை மறைக்காமல் சொன்னவர் அவர்.

அடுத்த தலைமுறையில் வில்லர்ட் ஹாலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மாசசூசெட்சிலிருந்து வந்து, 1823 முதல் 48 ஆண்டுகள் டெலவேரின் கூட்டாட்சி நீதிபதியாக இருந்தவர். வில்மிங்டனில் பிரஸ்பிட்டேரியன் சபையின் மூப்பர். 1829-ஆம் ஆண்டின் இலவசப் பள்ளிச் சட்டம் அவர் எழுதியது. பள்ளி வரி எவ்வளவு என்பதை ஒவ்வொரு பள்ளி வட்டாரத்து வாக்காளர்களும் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று அமைத்ததில் சபை நிர்வாகத்தின் சாயலை நான் காண்கிறேன். ஆனால் அந்தப் பள்ளிகள் வெள்ளையர் குழந்தைகளுக்கு மட்டுமே. அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசமைப்பின் 13ஆவது திருத்தத்தை டெலவேர் 1865-இல் நிராகரித்து, 1901-இல்தான் ஏற்றது. கொடுங்கோன்மையை எதிர்க்கலாம் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒரு மரபு, தன் ஊரிலேயே இருந்த அடிமைகளின் விஷயத்தில் அந்தப் பாடத்தை நடைமுறைப்படுத்தத் தவறியது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தத் தொடர்ச்சி இன்றும் அற்றுப்போகவில்லை. 2010 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை டெலவேரின் இரண்டு செனட்டர்களும் பிரஸ்பிட்டேரியன்கள். கிறிஸ் கூன்ஸ் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தோடு இறையியல் பள்ளியிலும் பட்டம் பெற்றவர். டாம் கார்பர் அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தவர். நிர்வாகவியலில் முதுகலைப் பட்டத்தை 1975-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பெற்றார். அலிசன் 1743-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் நியூ ஆர்க் ஊருக்கு இடம்பெயர்ந்து, பின்னர் கல்லூரியாகி, இன்று அந்தப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.